நியூட்ரான் கதிர்வீச்சு: தொழிலாளரின் பேட்ஜ் முழு அளவையும் காட்டுகிறதா?

புதுடெல்லி: 2047-ஆம் ஆண்டுக்குள் 100 ஜிகாவாட் அணுமின் உற்பத்தித் திறனை எட்டும் இலக்கை 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. உலைகள் பெருகும்போது கதிர்வீச்சுச் சூழலில் பணிபுரிவோரும் அதிகரிப்பர். அவர்கள் உடல் ஏற்கும் நியூட்ரான் கதிர்வீச்சைச் சரியாக அளவிடுவது இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

வரம்பு என்ன?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிகளின்படி, தொழிலாளர் ஏற்கும் அளவு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவெர்ட்டைக் கடக்கக் கூடாது. இந்தக் கணக்கிற்கு, மார்பில் அணியும் பேட்ஜே ஆதாரம்.

வழக்கமான டிஎல்டி பேட்ஜ் காமா, பீட்டா, எக்ஸ் கதிர்களை நன்கு பதிவு செய்யும். வேக நியூட்ரான்களை ஏறக்குறைய உணர்வதில்லை. ஆனால் திசுக்களில் ஒரே அளவு ஆற்றலைச் செலுத்தினாலும், காமாவைவிட நியூட்ரானின் பாதிப்பு அதிகம். சர்வதேசக் கணக்கீட்டில் காமாவுக்கு எடை 1; நியூட்ரானுக்கு அதன் ஆற்றலைப் பொறுத்து 2.5 முதல் சுமார் 20 வரை.

சிக்கல் எங்கே?

எனவே சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் தகடு பயன்படுத்தப்படுகிறது. மூக்குக்கண்ணாடி வில்லைகளும் இதே பொருளில் தயாரிக்கப்படுகின்றன. நியூட்ரான் மோதித் தெறிக்கும் புரோட்டான்கள் இதில் நுண்ணிய தடங்களைப் பதிக்கின்றன. வேதிக் கரைசலில் இட்டு அவற்றைப் பெரிதாக்கி எண்ணுகின்றனர். எனினும், சுமார் 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுடைய நியூட்ரான்கள் இதற்குத் தென்படுவதில்லை. உடலில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களை அளக்கும் 'அல்பீடோ' பேட்ஜ் அவற்றை உணரும். ஆனால் வேக நியூட்ரான்களிடம் அதன் உணர்திறன் குறைவு.

பேட்ஜ்கள் பெரும்பாலும் அமெரிசியம்-பெரிலியம் அல்லது கலிஃபோர்னியம் மூலங்களைக் கொண்டு ஆய்வகத்தில் அளவீடு செய்யப்படுகின்றன. எண்ணெய்க் கிணறுகளை ஆராயும் கருவிகளிலும் அமெரிசியம்-பெரிலியம் பயன்படுவதால், மூலத்தின் அருகே இருநிலைகளும் ஓரளவு ஒத்துப்போகும். உலைகளின் காப்புச் சுவருக்கு அப்பால் நியூட்ரான்கள் வேகம் இழந்தே வருகின்றன. அங்கு அதே பேட்ஜின் கணக்கு உண்மை அளவிலிருந்து பெரிதும் விலகக்கூடும்.

தீர்வு தெளிவானது. ஒவ்வொரு பணியிடத்திலும் நியூட்ரான் ஆற்றல் பரவலை முன்கூட்டியே அளந்து, அதற்கேற்ற பேட்ஜையும் திருத்தக் காரணியையும் நிர்ணயிக்க வேண்டும். பிற்காலத்தில் நோய் ஏற்பட்டால், தொழிலாளரிடம் உள்ள முக்கியச் சான்று அவரது பதிவேடுதான். அதிலுள்ள 'பூஜ்யம்' கதிர்வீச்சு இல்லை என்பதையே குறிக்க வேண்டும். கருவி உணரவில்லை என்பதை அல்ல.