மலைநாட்டுக் கடைத்தெருவும் மக்கள் சபையும்

தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் ஹட்டன் நகரத்துக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் வந்திறங்கும் பெண்கள் அரிசிக்கடையையும் துணிக்கடையையும் அடகுக்கடையையும் நிறைத்து நிற்பார்கள். அவர்கள் கையில் காசில்லாத மாதக் கடைசியில் அதே தெருவில் வியாபாரி ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். தீபாவளி முற்பணம் கிடைத்தால் நகரத்துக்குத் திருநாள். மலையில் கொழுந்து குறைந்து முழுப்பேர் அரைப்பேரானால் நகரத்துக்கும் பஞ்சம். மலைநாட்டு வணிகத்தின் முதற் பாடம் இது.

இப்பாடத்தை நமது உள்ளூராட்சி மன்றங்கள் கற்றிருக்கின்றனவா? ‘உள்ளூர் வணிகத்தை வளர்ப்போம்’ என்று தேர்தல் மேடைதோறும் முழங்குகிறார்கள். அம்முழக்கத்தின் பொருள்தான் என்ன? புதியதொரு கடைத்தொகுதி, அதற்கொரு திறப்பு விழா, பின்னர் கூடிய தொகை கேட்பவனுக்குக் கடைகளை ஏலத்தில் விடுதல், நடைபாதையில் கீரைக்கட்டு வைத்திருப்பவளை எழுப்பிவிடுதல். இதனை வளர்ச்சி என்று அழைக்க நாம் ஆயத்தமாக இல்லை.

வாங்க வருபவள் வேண்டும், ஆனால் அவள் நகரத்துக்கு உரியவளல்லள் என்னும் இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. வெள்ளைத் துரைமார் காலத்தில் அரிசியைத் தோட்டமே கொடுத்துக் கூலியிற் பிடித்துக்கொண்டது. கடன் கணக்கைத் தாங்கிய ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறு தோட்டம் போக இயலவில்லை. 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது, ஒதுக்கலை ஒழிக்கவில்லை. 1937இல் கிராமச் சங்க வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளர் விலக்கி வைக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே பறித்தது. நீண்ட போராட்டத்தின் பின் குடியுரிமையும் வாக்கும் மீண்டன. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்ட எல்லைக்குள் சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட முடியாதவாறு 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. வாக்குக் கேட்கத் தோட்டத்துள் நுழையலாம். வாய்க்கால் வெட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்! இத்தடை 2018இலேதான் திருத்தப்பட்டது. அவ்வாண்டிலே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிய, 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடைபெறும்வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே சபைகள் இயங்கின.

இன்று சபைகள் இருக்கின்றன. சட்டத் தடையும் இல்லை. இனிச் சொல்லக்கூடிய சாக்கு யாது?

முதலிற் பாதை. தோட்டப் பிரிவிலிருந்து பெருந்தெருவரை குண்டும் குழியுமான வழியில் அரிசி மூட்டை சுமப்பவள், நகரத்துக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறாள். அப்பாதையைச் சபை செப்பனிட்டால் அது தோட்டத்துக்கு இட்ட தருமமாகாது. கடைத்தெருவுக்கே செய்த உதவியாகும். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்து விருந்தாளிகளுக்காக நகரம் அலங்கரிக்கப்படுகிறது. வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் விருந்தாளி வசந்தத்தில் வருவான். தொழிலாளி பன்னிரண்டு மாதமும் வருகிறாள்.

அடுத்தது சந்தை. நமது வகுப்பு மாணவியொருத்தி சில சனிக்கிழமைகளில் பிரத்தியேக வகுப்புக்கு வருவதில்லை. காரணம் கேட்டோம். லயத்துப் பின்புறத்தில் விளைந்த லீக்ஸையும் கீரையையும் தாயுடன் நகரத்துக்குக் கொண்டுவந்து விற்கிறாள். கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டும் பெற்ற பின்னர், ‘வழியை மறிக்கிறாய்’ என்று ஒரு நாள் இருமுறை எழுப்பிவிடப்பட்டார்களாம். ‘எங்கே இருந்தால் சரி சேர்?’ என்று அப்பிள்ளை நம்மைக் கேட்டபோது நம்மிடம் பதில் இருக்கவில்லை.

பதில் பிற இடங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டு மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவனே இடைத்தரகனின்றி விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை. தராசும் சந்தையே தரும். இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், நகர வியாபாரக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கே என்று விதிக்கிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இவ்வாறு ஓரிடம் ஒதுக்க முடியாதா?

‘ஏலத்தை விட்டால் சபைக்கு வருமானம் ஏது?’ என்பார்கள். ஏலத்தில் ஏறிய தொகையைக் கடைக்காரர் தன் பையிலிருந்தா கொடுக்கிறார்? பருப்பின் விலையில் ஏற்றி அதே தொழிலாளியிடம் வாங்குகிறார். ஏற்றவும் முடியாத சிறு வியாபாரி கடையை மூடுகிறார். அவ்விடத்தில் கொழும்புப் பெருமுதலாளியின் கிளை முளைக்கிறது. 2022இல் நாடு நெருக்கடியில் தவித்தபோது நம் மாணவர் வீடுகளுக்குக் கடன் கொப்பியில் எழுதி மாவும் அரிசியும் கொடுத்தது அந்தப் பெருங்கடையா, மூலைக்கடையா? மூலைக்கடையை அழித்துவிட்டு ‘உள்ளூர் வணிகம்’ என்று பேசுவது யாரை ஏமாற்றுவதற்கு?

சிறு வியாபாரிகளுக்கும் ஒரு சொல். நடைபாதையில் இருப்பவள் உங்கள் பகைவியல்லள். கீரை விற்ற காசை அவள் உங்கள் கடையிலேதான் கொடுத்துப் போகிறாள். 2021 பெப்ரவரியில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கோரித் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் மலையக நகரங்களில் கடைகளும் அடைக்கப்பட்டன. அன்று நீங்கள் அறிந்த உண்மையை இன்று மறக்கலாகாது. ஆயிரம் 2024இல் 1350 ஆனது. அந்த உயர்வில் எவ்வளவு உங்கள் கல்லாவுக்கு வந்ததென்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை. நியாயச் சம்பளம் கோரித் தீர்மானம் நிறைவேற்றத் துணிவுகூடவா இல்லை?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! இலாப நட்டக் கணக்கை வகுப்பறையிற் செய்தது போதும். உங்கள் நகரத்துச் சந்தையில் எத்தனை இடங்கள், யாருக்கு, என்ன வாடகைக்குக் கொடுக்கப்பட்டன என்று எழுத்திற் கேளுங்கள். தோட்டத்துப் பெண்களுக்கு நிலையான இடமும், சந்தைக் குழுவில் ஆசனமும் கோரிக் கையொப்பம் திரட்டுங்கள். அந்த மனுவை நாம் எழுதத் தொடங்கிவிட்டோம். முதற் கையொப்பம் அந்த மாணவியின் தாயுடையது.