மூளைக்கு எட்டு, வாய்க்கு மூன்று

தசரா விடுமுறை தொடங்கும் வாரத்தில் பெங்களூரின் ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ ஏதாவது ஒரு பொம்மைக் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் காட்சி கண்ணில் படும். மூன்று வயது மகனின் கையைப் பிடித்தபடி ஒரு தாய். பையன் அலமாரியில் உள்ள பெட்டிகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். நிலாவுக்கு ஏன் வெளிச்சம் குறைகிறது என்று இடையில் ஒரு கேள்வி. கடைக்காரர் மூன்று வயதுக்கான பொம்மைகளை எடுத்துப் போடுகிறார். "இதெல்லாம் இவனுக்கு அஞ்சு நிமிஷத்துல போரடிச்சுடும். எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே, அதைக் கொடுங்க" என்கிறார் தாய். குரலில் பெருமை தெரிகிறது. காந்தத் துண்டுகள், கடுகளவு திருகாணிகள், பொத்தான் பாட்டரி எல்லாம் அடங்கிய பெட்டிக்கு பில் போடப்படுகிறது.

பையனைப் பற்றி அந்தத் தாய் கணித்தது சரி. பெட்டியைப் பற்றிக் கணித்ததுதான் தவறு.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயதைப் பலரும் அறிவுக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரக் குழந்தைக்கு இரண்டு வகுப்பு தாண்டி 'டபுள் புரமோஷன்' கொடுப்பது போல, பொம்மையிலும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் 'மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல' என்ற எச்சரிக்கை மூளையைப் பற்றியதே அல்ல. அது தொண்டையைப் பற்றியது. கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில், மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய துண்டு அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து மொழிகளில் ஒன்று, இரண்டு சொல்லும் குழந்தைக்கும் மூச்சுக்குழாய் மற்ற மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கும்.

கல்வியாளர்கள் 'மீத்திறன் குழந்தைகள்' என்று குறிப்பிடும் இந்தச் சூட்டிகைக் குழந்தைகளின் அடையாளமே இந்தச் சமனின்மைதான். 1991-இல் அமெரிக்காவில் கூடிய 'கொலம்பஸ் குழு' என்ற கல்வியாளர்கள், மீத்திறன் என்பதையே சமச்சீரற்ற வளர்ச்சி என்று வரையறுத்தார்கள். அறிவு ஒரு வயதில், விரல்கள் இன்னொரு வயதில், மனசு மூன்றாவது வயதில். எட்டு வயதுக்குரிய சூத்திரத்தைப் புரிந்துகொள்ளும் குழந்தை, அதைச் செய்து பார்க்கும்போது திருகாணி உள்ளே போகவில்லையென்றால் மூன்று வயதுக்குரிய அழுகையை அழும்.

இந்தியாவில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கிய ஊர்களில் பெங்களூர் முக்கியமானது. ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியால் 1988-இல் உருவான தேசிய உயராய்வு நிறுவனம், இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கிறது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் ஆதரவுடன், 2010 வாக்கில் இங்கே மீத்திறன் குழந்தைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் தொடங்கியது. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் இவர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியது. ஆனால் ஆய்வும் கொள்கையும் விடுமுறை நாளில் பொம்மைக் கடைக்குத் துணைக்கு வருவதில்லை. அங்கே பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் கவனம், விழுங்கக்கூடியவற்றின் மேல். சுமார் 32 மில்லிமீட்டர் அகல உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. கேமராவுக்கு ஃபிலிம் ரோல் போட்ட காலத்து டப்பி ஒன்று வீட்டில் மிச்சமிருந்தால், ஏறக்குறைய அதே அளவுதான். அதற்குள் போகும் எதுவும் வேண்டாம். பாரம்பரிய விளையாட்டு என்பதால் பாதுகாப்பு என்றும் இல்லை. பல்லாங்குழி கணக்குப் புத்தியைத் தீட்டும் அருமையான ஆட்டம். ஆனால் அதன் சோழியும் புளியங்கொட்டையும் குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கக்கூடியவை.

பொத்தான் பாட்டரி இன்னும் மோசம். 20 மில்லிமீட்டர் லித்தியம் பாட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பாட்டரியும் இதைச் செய்யும். ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுங்கும் பம்பரம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பாட்டரி அறை திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

சக்தி வாய்ந்த குட்டிக் காந்தங்கள் மற்றொரு வகை. ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடக்கூடும். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொள்ளும். குடலில் ஓட்டை விழும். காந்தம் என்றால் என்ன என்று விளக்கத் தெரிந்த குழந்தைதான் இதில் அதிக ஆபத்தில் இருக்கிறது. ஏனென்றால் மூக்கின் உள்ளும் புறமும் வைத்தால் ஒட்டுமா, நாக்கில் வைத்தால் ஒட்டுமா என்றெல்லாம் சோதித்துப் பார்க்கத் தோன்றுவது அந்தக் குழந்தைக்குத்தான்.

இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தெரியாத ஒன்று ஈயம். மஞ்சளும் சிவப்புமாகப் பளபளக்கும் மலிவான பெயின்ட்டில் இது கலந்திருக்கலாம். குழந்தை பொம்மையைச் சப்பும்போது உள்ளே போகிறது. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லும்படியான ஓர் அளவே ஈயத்துக்குக் கிடையாது என்றும் அது சொல்கிறது. ஈயம் தாக்குவது நுண்ணறிவை, கவனத்தை, கற்கும் திறனை. புத்தியை வளர்க்க வாங்கிக் கொடுத்த பொம்மையே புத்தியைக் குறைப்பதைவிட வேறென்ன கொடுமை வேண்டும்?

இந்த விஷயத்திலும் முதலில் குரல் கொடுத்த ஊர் பெங்களூர்தான். 1999 பிப்ரவரியில் ஈய நச்சுத் தடுப்புக்கான சர்வதேச மாநாடு இங்கே நடந்தது. மறுவருடம் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் ஈயத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரச்சாரம் செய்தவர். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 2020-இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருப்பதாகக் கணக்கிட்டது.

பெரிய பெயர் இருந்தால் பயமில்லை என்பதும் சரியல்ல. 2007-இல் உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மேட்டல், பெயின்ட்டில் ஈயம் இருந்ததால் லட்சக்கணக்கான பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்கும் முன்னால், 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கில்பர்ட் நிறுவனம் அறிவாளிச் சிறுவர்களுக்கென்றே 'அணுசக்தி ஆய்வகம்' ஒன்றை விற்றது. பெட்டிக்குள் நிஜமான யுரேனியத் தாது இருந்தது!

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், உரிமம் யாருடையது, செல்லுபடியாகிறதா என்று கடையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் பொம்மையில் இந்த முத்திரை இல்லையென்றால், விலை குறைந்ததன் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்றவற்றை உரிமை உள்ளவர்கள் செய்து விற்கும்போதும் ஐ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கும் சன்னபட்டணத்தின் மரப் பொம்மைகள் இதில் வரும். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை அறிந்த தமிழர்களுக்கு இந்த மெருகு புதிதல்ல. மூலை முடுக்கு இல்லாத வடிவம், பெரிய துண்டுகள், காய்கறிச் சாயம் என்று எல்லாம் சரியாக அமைந்த சன்னபட்டணப் பொம்மை சிறு குழந்தைக்கு நல்ல பரிசு. ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் அந்த ஊரில் செய்ததல்ல. எல்லாவற்றிலும் இயற்கைச் சாயமும் இல்லை. கைவினைஞரிடமோ அரசு விற்பனை நிலையத்திலோ கேட்டு வாங்குவது உத்தமம். பெயின்ட் வாசனை அடித்தாலோ ஈரத்துணியில் வண்ணம் ஒட்டினாலோ வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அப்படியானால் வயதைத் தாண்டி யோசிக்கும் குழந்தைக்கு என்னதான் கொடுப்பது? துண்டுகள் பெரியதாகவும் விளையாட்டின் வழிகள் பலவாகவும் உள்ள பொருளாகத் தேட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பாட்டுப் பாடும் பொம்மை இரண்டாம் நாள் மூலைக்குப் போய்விடும். ஐம்பது மரக்கட்டைகளுக்கு மூன்று வயதில் ஒரு விளையாட்டு, ஆறு வயதில் வேறு விளையாட்டு. புத்தகத்தில் மட்டும் வயது வித்தியாசம் பார்க்கவே வேண்டாம். அது தொண்டையில் சிக்காது. 2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ், தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைப் புத்தகங்களை மலிவு விலையில் வெளியிடுகிறது. அவர்களது 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் அவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

எட்டு, பத்து வயதான பிள்ளைகளுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது. அந்தச் சந்துகளில் குட்டி மோட்டார், எல்.இ.டி. விளக்கு, ஒயர், சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். சாதாரண பென்டார்ச் பாட்டரியோடு நிறுத்திக்கொண்டு, வீட்டு மின்சாரம் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால், ஒரு விடுமுறையே அதில் ஓடிவிடும். பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். தொலைநோக்கி வாங்கினால், அதை ஒருபோதும் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

பெட்டியில் அடங்காத பரிசுகளும் உண்டு. கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், சௌடய்யா ரோட்டில் 1989 முதல் இயங்கும் ஜவாஹர்லால் நேரு கோளரங்கம், லால்பாக்கின் மூவாயிரம் மில்லியன் ஆண்டுப் பழமையான பாறை. ஒரு முழு நாளை ஒதுக்கி, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அழைத்துப் போகும் அப்பாவைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது.

கடைசியாக மனசு. இந்தக் குழந்தைகளுக்கு உறவினர்கள் கொண்டுவருவதெல்லாம் அறிவியல் பெட்டி, புதிர், பொது அறிவுப் புத்தகம். ஒவ்வொரு பரிசும் ஒரு தேர்வு மாதிரி வருகிறது. "இதைச் செஞ்சு காட்டு கண்ணா" என்று கூடத்தில் நிறுத்துகிறார்கள். பஞ்சு அடைத்த கரடி வேண்டும் என்று கேட்க அந்தக் குழந்தைக்குக் கூச்சமாகிவிடுகிறது. கரடியையும் வாங்கித் தர வேண்டும். கண்கள் பிய்ந்து வராதபடி தைத்த கரடியாக இருந்தால் போதும்.

பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்து எந்தத் தாயும் மனம் சுருங்க வேண்டியதில்லை. அது மகன் வாங்கிய மதிப்பெண் அல்ல. மகனின் மூளை எட்டு வயதில் ஓடட்டும். அவன் வாய்க்கு இன்னும் மூன்று வயதுதான் என்பதை வீட்டில் ஒருவராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.