பயிற்சி மாறினால் பலம் போகுமா?

80 கிலோகிராம் பளுவைத் தோளில் ஏந்தி 5 முறை உட்கார்ந்து எழக்கூடிய இளைஞர் ஒருவர், புதிய பயிற்சித் திட்டத்திற்கு மாறுகிறார். அதில் 40 கிலோகிராம்தான். ஆனால், 20 முறை. வியர்வை ஆறாய் ஓடுகிறது. சில வாரங்களுக்குப் பின் பழைய பளுவை ஏந்தினால், மூன்றாம் முறையே கால்கள் நடுங்குகின்றன. தசை கரைந்துவிட்டது என்று அஞ்சிப் புரதத் தூள் வாங்க ஓடுகிறார். உணவில் குறையில்லாதவருக்கு அது வீண் செலவே.

உடல், பழக்கியதையே கற்கும். கனமான பளுவைத் தூக்குவது தசையின் வேலை மட்டுமன்று. எண்ணற்ற தசை இழைகளை மூளை ஒருசேர இயக்கும் திறனும் அதில் அடங்கும். பளு பாதியாகக் குறைந்தால் அத்திறன் மங்குகிறது. சில வாரங்களில் அவர் இழந்தது பெரும்பாலும் தசையன்று, பழக்கமே. கனமான பளுவுக்குத் திரும்பினால் அதை விரைவில் மீட்கலாம். 

இதற்காகப் புதிய திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் பழைய கனத்தைத் தூக்கி வந்தாலே வலிமை பெரிதும் நிலைத்திருக்கும். இதைச் சொல்லாமலே பயிற்றுநர் சிலர் அட்டவணையை மாற்றித் தருவதுதான் வருத்தத்திற்குரியது.