சில்லு செய்தால் போதுமா? அதை விவரிக்க வேண்டாமா?

அண்மையில் ஓர் ஆய்வுக் கருத்தரங்கில், செயலி வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள மாணவர் ஒருவர், தாம் எழுதிய டிவைஸ் ட்ரீ விவரணத்தை ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேர்க்கலாமா என்று கேட்டார். "அது குமாஸ்தா வேலை, பின்னிணைப்பில் போடுங்கள்" என்றார் மூத்தவர் ஒருவர். அவை சிரித்தது. மொழியியல் படித்துவிட்டுக் கணினியியலுக்கு வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குமாஸ்தா வேலை என்ன என்று பார்ப்போம். 1994ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 1275 தரத்திலிருந்து கிளைத்தது டிவைஸ் ட்ரீ. ஆர்ம் பலகைகளின் விவரங்கள் லினக்ஸ் கெர்னலுக்குள் சி நிரல்களாகக் குவிந்து கிடந்ததைக் கண்டு 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகச் சினந்தார். அதன் பின்னரே அவ்விவரங்கள் தனிக் கோப்புகளுக்கு விரைந்து பெயர்ந்தன. அக்கோப்பில் 'சிபியுஸ்' என்னும் கணுவின் கீழ் ஒவ்வொரு கருவுக்கும் ஒரு கணு உண்டு. அது எவ்வகைக் கரு, அதன் அடையாள எண் என்ன, அதை எம்முறையில் விழிக்கச் செய்வது என்பன அங்கே எழுதப்படும். அடையாள எண்ணைப் பிழையாக எழுதினால், பழுதற்ற கருவும் உறங்கியே கிடக்கும்.

இது வெறும் தரவு நிரப்பல் என்போர் ரிஸ்க்-ஃபைவ் வரலாற்றைப் படிக்க வேண்டும். அதன் செயலிகளின் திறனை 'ஐஎஸ்ஏ' என்ற பண்பில் ஒரே எழுத்துக்கோவையாக எழுதிவந்தனர். அதில் 'ஐ' என்ற எழுத்து அடிப்படை முழுவெண் கட்டளைகளைக் குறித்தது. கட்டுப்பாட்டுப் பதிவகக் கட்டளைகளும் ஃபென்ஸ்-ஐ கட்டளையும் அதனுள் அடங்கியிருந்தன. 2019இல் ஏற்கப்பட்ட விவரக்குறிப்பு அவற்றைத் தனி நீட்சிகளாகப் பிரித்துவிட்டது. எழுத்து மாறவில்லை, பொருள் குறுகிவிட்டது. 2022இல் பைனியூட்டில்ஸ் 2.38 புதிய பொருளை இயல்பாக ஏற்றபோது, அதுவரை தொகுக்கப்பட்டுவந்த கெர்னல் நிரல் பிழை காட்டியது.

எங்கள் துறையில் இதற்குப் பெயர் பொருட்குறுக்கம். முன்பு மணம் எதையும் குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடையை மட்டும் குறிக்கிறது. சங்கப் பாடலை இன்றைய பொருளில் வாசிப்பவர் எப்படிப் பிழைபடுவாரோ, அப்படியே பழைய கோப்பைப் புதிய பொருளில் வாசிக்கும் மென்பொருளும் பிழைபடும்.

இதற்குக் கண்ட தீர்வும் மொழித் தீர்வே. 2023இல் லினக்ஸ் சமூகம் பழைய கோவையைக் கைவிடத்தக்கது என அறிவித்தது. அடித்தளத்துக்கு ஒரு பண்பு, நீட்சிகளுக்கு ஒரு பண்பு எனப் பிரித்து, ஒவ்வொரு நீட்சிப் பெயரும் விவரக்குறிப்பின் எந்தப் பதிப்பின்படி பொருள் தரும் என்று வரையறுத்தது. பழைய கோப்புகளில் 'ஐ' பழைய பொருளையே தரும் என்பதையும் எழுதிவைத்தது. இது அகராதியியல் அன்றி வேறென்ன?

"செயலியே தன்னைப் பற்றிச் சொல்லட்டுமே, எக்ஸ்86இல் சிபியுஐடி கட்டளை இல்லையா?" என்பது நியாயமான வினா. ரிஸ்க்-ஃபைவில் அதற்கு நெருக்கமானது மிசா பதிவகம். ஆனால் கெர்னல் இயங்கும் நிலையிலிருந்து அதை நேரே படிக்க இயலாது. ஒற்றை எழுத்து நீட்சிகளுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. அது சுழியம் மட்டும் தரவும் விவரக்குறிப்பு இடமளிக்கிறது. செயலி வாய் திறவாதபோது மனிதர் எழுதிய விவரணமே சான்று.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, சி-டாக்கின் வேகா எனச் செயலிகளை இந்நாடு வடிவமைத்துள்ளது. 2022இல் டிர்-வி திட்டமும் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆயினும் செயலி வடிவமைப்புக்கு மதிப்பெண்ணும் விவரணத்துக்கு ஏளனமும் தரும் ஆய்வுப் பண்பாடு, உருவாக்கியவர் பட்டம் பெற்றுச் சென்றதும் எவராலும் இயக்க முடியாத சில்லுகளையே விட்டுச்செல்லும். பொதுக் கெர்னலில் ஏற்கப்படும் விவரணம் பலரது மதிப்பாய்வைக் கடந்து வருகிறது. நம் ஆய்வேடுகள் பலவற்றைப் படிப்போர் இருவரோ மூவரோதான்.

ஆகவே ஆய்வுக் குழுக்களிடம் என் கோரிக்கை ஒன்றே: பொதுக் கெர்னலில் ஏற்கப்பட்ட விவரணத்தை ஆய்வுப் பங்களிப்பாக மதிப்பிடுங்கள். அந்த மாணவரின் இயலைப் பின்னிணைப்பிலிருந்து மீட்டு உள்ளே வையுங்கள். அவர் எழுதியது, அச்சில்லைப் பற்றி உலகம் நம்பப்போகும் சாட்சியம்.