விற்றவன் எங்கே?

“வெள்ளம்” என்றொரு மலையாளப் படம் 2021 ஜனவரியில் வெளிவந்தது. குடியால் சீரழிந்த முரளி என்பவனின் குடும்பக் கதை. முரளியாக நடித்த ஜெயசூர்யாவுக்குக் கேரள சர்க்கார் சிறந்த நடிகர் விருது கொடுத்தது. நடிப்பில் குறையில்லை. மனைவியின் கண்ணீரிலும், பெற்றவர்களின் அவமானத்திலும் பொய்யில்லை. இளம்பிள்ளைத் தறிக்காரர் குடும்பம் பார்த்தால், “இது நம் வீட்டுக் கதை” என்றே சொல்லும்.

ஆனால் தோழர்களே, கதையைக் கவனியுங்கள். முரளி குடிக்கிறான், கெடுகிறான், சிகிச்சை பெற்றுத் திருந்துகிறான், தொழிலதிபராக உயர்கிறான். குற்றமும் அவனுடையது, மீட்சியும் அவனுடையது. அவனுக்கு விற்றவன் எங்கே?

கேரளத்தில் பெரிய மது வியாபாரி சர்க்காரின் பிவரேஜஸ் கார்ப்பரேஷன்தான். பாட்டிலை விற்ற கைதான் விருதையும் கொடுத்தது! அப்போது அங்கே நடந்தது இடதுசாரி ஆட்சி என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. உண்மை உண்மைதான்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் கையில். 2023-24இல் மட்டும் அதன்மூலம் கஜானாவுக்குப் போனது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். யார் பணம் இது? இரவெல்லாம் தறி ஓட்டியவன் பணம். கரும்பு வெட்டியவன் பணம். கூலியை ஒரு கையால் வாங்குகிறான். மறு கையால் சர்க்காரிடமே கொடுத்துவிட்டு வருகிறான்.

“கடையை மூடினால் வருமானத்துக்கு எங்கே போவது?” என்று மந்திரிகள் கேட்கிறார்கள். பதில் நம் சேலத்திலேயே இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார்கள். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981இல் மறுபடியும் கடையைத் திறந்தார்கள். மதுவுக்குப் பதிலாக வந்த வரி போயிற்றா? போகவில்லை! விற்பனை வரி வாட் ஆயிற்று, வாட் ஜி.எஸ்.டி. ஆயிற்று. சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிறோம்; பாட்டிலுக்கும் அழுகிறோம். ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பவனுக்கு ஊரில் என்ன பெயர்?

“கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்” என்பது அடுத்த வாதம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. டாஸ்மாக் கடைகள் திறந்திருக்கும்போதே நடந்த சாவு அது! செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கடை திறந்திருப்பது ஏழையைக் காப்பாற்றவில்லை.

சசிபெருமாளை மறந்துவிட்டோமா? இளம்பிள்ளைப் பக்கத்து மனிதர். காந்தியவாதி, நம் கட்சிக்காரர் அல்ல. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டார். அவர் குடிகாரனை நோக்கி விரல் நீட்டவில்லை. கடையைக் காட்டினார்.

படத்து முரளி திருந்தினால் தொழிலதிபர் ஆகிறான். நம் தறிக்காரன் திருந்தினால் மறுநாளும் தறிக்குத்தான் போகிறான். முன்பணக் கடன் அப்படியே நிற்கிறது; உடம்பு வலி அப்படியே இருக்கிறது; போகிற வழியில் கடையும் இருக்கிறது. எத்தனை நாள் தாங்குவான்?

குடிப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிறவன் சங்கக் கொடியைத் தூக்க யோக்கியதை அற்றவன். ஆனால் அவனுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு, விற்பவனை விட்டுவிடுவது மோசடி.

கடைகளைப் படிப்படியாக மூடு! கடை ஊழியர்களுக்கு மாற்று வேலை கொடு! அரசு ஆஸ்பத்திரிதோறும் குடிநோய்க்கு இலவச சிகிச்சை கொடு! தறிக்கும் வயலுக்கும் வாழ்வதற்கான கூலி கொடு!

இதைக் கேட்க முதலில் எழ வேண்டியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்களோடு சங்கம் நிற்கட்டும்!