சம்சாரியும் சிவப்பு மையும்

கரிசல்காட்டுப் பிள்ளை ஒன்று கட்டுரை நோட்டில் ‘எங்க அப்பா சம்சாரி’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘விவசாயி’ என்று எழுதுகிறார். பிழையைத் திருத்திய நிறைவு அவருக்கு. பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது?

கோவில்பட்டி வட்டாரத்தில் சம்சாரி என்றால் வெள்ளாமை செய்து பிழைப்பவர். விவசாயி என்பது தொழிலின் பெயர், படிவத்தில் நிரப்பலாம். சம்சாரி என்றதும் வீடும் மாடும் மானாவாரிப் புஞ்சையும் ஐப்பசி மழைக்கு அண்ணாந்து பார்க்கும் முகமும் கூடவே வந்துவிடும். குடும்பத்தையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வாழ்க்கை அது.

சொல் போனால் சிந்தனையும் போய்விடுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். சொல் இல்லாததை மனத்தால் நினைக்கவே முடியாது என்ற வாதத்தை மொழியியலாளர்கள் இன்று பெரும்பாலும் ஏற்பதில்லை. பேச்சு வருமுன்பே குழந்தை தாய் முகத்தை இனம் காண்கிறது, ஒளித்துவைத்த பொம்மையைத் தேடுகிறது. ஆனால் சொல் கவனத்தைப் பழக்குகிறது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ரஷ்ய மொழி பேசுவோர் ஒரே பெயருக்குள் அடங்கும் இரு நீலங்களைவிட, வெவ்வேறு பெயர் கொண்ட நீலங்களை விரைவாகப் பிரித்தறிந்தார்கள். ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த வேறுபாடு இல்லை. அவர்கள் கண்ணுக்கும் இரண்டு நிறமும் தெரியத்தான் செய்தது. சட்டென்று பிடிக்க ஒரு கைப்பிடி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே சிவப்பு மை பட்ட பிள்ளை நினைப்பதை நிறுத்திவிடுவதில்லை. வீட்டில் பேசுவது எழுதத் தகாதது என்று முடிவு கட்டிக்கொள்கிறது. அடுத்த முறை தானாக வரும் சொல்லை விட்டுவிட்டு, அடிபடாத சொல்லைத் தேடுகிறது. அது கிடைக்காவிட்டால் சொல்ல வந்ததையே விட்டுவிடுகிறது. சிந்தனைச் சுதந்திரம் என்றதும் தடையுத்தரவும் வழக்கும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. யாரும் தடுக்காமலே பத்து வயது மனம் தன்னைத் தணிக்கை செய்துகொள்வதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-இல் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், வீட்டுமொழி தெலுங்கு. கரிசல் மக்கள் பேசியபடியே எழுதினார். அந்தச் சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் கொண்டுவந்தார். பட்டமில்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த நண்பர் கு. அழகிரிசாமியோ பெரிதும் பொதுத்தமிழில் எழுதினார். அதே கரிசல் மனிதர்கள் அவர் எழுத்திலும் உயிரோடு நடமாடினார்கள். பொதுத்தமிழ் பகையல்ல என்பதற்கு அவர் கதைகள் போதும். மேல்படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர் ‘சம்சாரி’யை அடிக்காமல், பக்கத்திலேயே ‘விவசாயி’ என்றும் எழுதிவைத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். வகுப்பில் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்திருக்கும்.