மானியத்துக்கு முன்னால் விலையைக் கேளுங்கள்

எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் ஒரு பிரஷ் கட்டர் மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. வாங்கியது 9,500 ரூபாய்க்கு. பெட்டியில் அச்சடித்திருந்த விலை 24,000. விற்றவர் “உங்களுக்காகத்தான் சார்” என்று குறைத்துக் கொடுத்தார். 14,500 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். நாலாம் மாதம் கார்பரேட்டர் மக்கர் பண்ணியது. வள்ளியூர், நாகர்கோவில், திருநெல்வேலி என்று மூன்று ஊரில் அலைந்தும் அதற்குப் பொருந்தும் பாகம் கிடைக்கவில்லை. அப்போதுதான் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. 36 வருடம் வங்கியில் அடுத்தவர் பத்திரத்தை வரிவரியாகப் படித்தவன், நான் வாங்கிய பெட்டியைப் படிக்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ராதாபுரம் பக்கத்துச் செவல் மண்ணில் மழை விழுந்தால் பதினைந்து நாளில் களை முட்டளவு வந்துவிடும். எனக்கு இருப்பது நாலு ஏக்கர். முருங்கையும் கொஞ்சம் தென்னையும். ஆள் கேட்டால் “அடுத்த வாரம் பாப்போம்” என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று சொன்னார்: “அண்ணாச்சி, நாலு டேங்க் களைக்கொல்லி அடிச்சா சோலி முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு படுதிய?”

அன்று ராத்திரி நானும் யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு வருடம் ஒரு சொட்டு விஷம் படாத மண். ஒரு கார்பரேட்டர் கிடைக்காததால் அதை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். கடைசியில் கூடுதல் கூலி கொடுத்து வெளியூர் ஆட்களை வைத்துக் கொத்தினோம். கூலி மட்டும் 16,000 ரூபாய். மிச்சம் பிடித்த பணம் அதோடு போச்சு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இயற்கை விவசாயிக்குக் களைக் கருவி வெறும் வசதிப் பொருள் இல்லை. களைக்கொல்லி வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே, அந்த வேலையைச் செய்ய ஆளோ கருவியோ வேண்டும் என்று ஆகிவிடுகிறது. ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கருவியை ஏமாந்து வாங்கினால் அந்த ஏமாற்றம் பணத்தோடு நிற்காது. மண் வரைக்கும் வரும். ஆகவே கருவியின் நியாய விலை நம் இயக்கம் பேசவேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

ஒரு பழைய தப்பையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியில் விவசாயக் கடன் பார்த்த காலத்தில், இயந்திரக் கடன் என்றால் மூன்று கொட்டேஷன் கேட்போம். விவசாயி கொண்டுவந்து கொடுப்பார். மூன்று கடை, மூன்று முத்திரை. ஆனால் பல நேரம் மூன்றும் ஒரே இடத்தில் அடித்ததாக இருக்கும். எழுத்துப் பிழை கூட ஒன்றாகவே இருக்கும். விற்கப்போகிற கடைக்காரரே மற்ற இரண்டையும் தயார் செய்து கொடுத்துவிடுவார். எனக்குத் தெரியும். ஃபைலில் மூன்று தாள் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த விலையில் கடன் அடைத்தவர் விவசாயி. நான் அல்ல.

அந்தக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி, போன வருடம் பவர் வீடர் வாங்கும்போது மூன்று கொட்டேஷனையும் நானே நேரில் போய் வாங்கினேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே இணைப்புக் கருவிகள். மானியம் என்ற வார்த்தையே என் வாயிலிருந்து வரவில்லை. “முழுக் காசு கொடுத்தா என்ன விலை?” என்று மட்டும் கேட்டேன். முதல் கடை 66,500 சொன்னது. இரண்டாவது கடை 64,000. மூன்றாவது கடை 62,000.

பத்து நாள் கழித்து மூன்றாவது கடைக்கே தொலைபேசியில் பேசி, மானியத்தில் எடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். 84,000 என்றார்கள். “போன வாரம் 62,000 சொன்னீங்களே?” என்றேன். “அது வேற சார். மானியத்துல பாதி போயிருதுல்லா, உங்களுக்கு 42,000தான வருது?” என்று பதில் வந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரசாங்கம் எனக்காகக் கொடுப்பது 42,000. எனக்கு உண்மையில் குறைவது 62,000க்கும் 42,000க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 20,000. மீதி 22,000 விற்பவர் பக்கம் போகிறது. ஆனால் ஊரில் என்ன பேச்சு? விவசாயிக்குப் பாதி விலையில் மெஷின் கொடுக்கிறார்கள் என்று. மானியம் வாங்கியவன் என்ற பெயர் நமக்கு, மானியத்தில் பெரும்பங்கு வேறொருவருக்கு.

எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்லவில்லை. திட்டத்திலேயே நமக்கு ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் நாம் பயன்படுத்துவதில்லை. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயி, பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. சதவீதம், உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளில் எதை வாங்குவது என்று முடிவு செய்கிற உரிமை விவசாயிக்குத்தான். நான் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய்ப் பட்டியலைக் கேட்டேன். வேறொரு கம்பெனியின் அதே குதிரைத்திறன் உள்ள வீடருக்கு வெளி விலைக்கும் மானிய விலைக்கும் 1,500 ரூபாய்தான் வித்தியாசம். அதைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் “எங்க ஏரியாவுல எல்லாரும் இதத்தான் எடுக்காங்க” என்று சொன்னதை நம்பியிருந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்தே இருக்கமாட்டேன்.

விலை ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு செய்யக்கூடாது. மத்தியப் பிரதேசத்தில் பூத்னி, ஆந்திரத்தில் கார்லதின்னே போன்ற இடங்களில் ஒன்றிய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கருவியை ஓட்டிப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, எவ்வளவு பரப்பில் வேலை செய்கிறது, அதிர்வு எவ்வளவு, எந்தப் பாகம் தேய்ந்தது என்று அறிக்கை எழுதுகிறார்கள். கடையில் அந்தச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மணிக்கு கால் லிட்டர் பெட்ரோல் கூடக் குடிக்கிற இயந்திரம், வருடம் 200 மணி நேரம் ஓடினால் 50 லிட்டர் கூடுதல். கடையில் குறைத்த இரண்டாயிரம் ஒரே வருடத்தில் பெட்ரோல் பங்கில் போய்விடும்.

பில்லையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உழவு, களையெடுப்பு, அறுவடை இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 60,000 என்றால் முன்பு 67,200, இப்போது 63,000. 4,200 ரூபாய் நம் பக்கம் வரவேண்டும். பழைய விலையையே சொல்லி உள்ளே அடிப்படை விலையை ஏற்றிவிட்டால் அது வராது. ஆனால் மரம் அறுக்கும் செயின் சா போன்ற கைப்பிடி மோட்டார் கருவிகளுக்கு வரி 18 சதவீதம். எது எந்த வகை என்று பில்லில் எச்.எஸ்.என். எண் சொல்லும். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைக்கிறேன் என்பவரிடம் வாங்கவேண்டாம். பில் இல்லாமல் வாரண்டி கேட்பதும் கடினம், நுகர்வோர் வழக்கு நடத்துவதும் கடினம்.

தவணை விஷயத்தில் என் பழைய தொழில் உதவும். “வட்டி வெறும் 12 பர்சென்ட்” என்பார்கள். 40,000 ரூபாய்க்கு இரண்டு வருடம், 12 சதவீதம், ஃப்ளாட் ரேட் என்றால் வட்டி 9,600. மாதம் 2,067 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 40,000க்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு கொடுக்கப்படும் தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற தாளைக் கடன் கொடுப்பவர் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள்.

இவ்வளவு பேசிவிட்டு இன்னொன்றும் சொல்லவேண்டும். நியாய விலை என்றால் ஆகக் குறைந்த விலை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் 2,000 ரூபாய் கூட. ஆனால் அங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஸ்டார்ட்டர் கயிறிலிருந்து பிளேடு வரை அலமாரியில் இருக்கிறது, களை ஏறும் கார்த்திகையில் தொலைபேசியை எடுக்கிறார்கள். அந்த 2,000 நியாயம். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று நம் முருங்கைக்குக் கேட்கிற நாம், அவருக்கு மட்டும் இல்லை என்று சொல்லமுடியாது. நான் எதிர்ப்பது ஆளைப் பார்த்து மாறுகிற விலையை, மானியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏறுகிற விலையை.

தனி ஆளாக இதற்கு ஓர் எல்லைக்கு மேல் ஒன்றும் செய்யமுடியாது. நான் மூன்று கடை ஏற ஓய்வூதியமும் நேரமும் இருந்தது. கூலிக்கும் போய்க்கொண்டு ஒரு ஏக்கரைப் பார்க்கிற பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே சங்கங்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டு போடட்டும். கருவி வாங்கிய ஒவ்வொருவரும் கம்பெனி, மாடல், கடை, வாங்கிய தேதி, முழு விலை, மானியம், கையிலிருந்து கொடுத்தது, ஒரு வருடத்தில் ஆன ரிப்பேர் ஆகியவற்றை எழுதட்டும். வாங்கப்போகிறவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகட்டும். அதே நோட்டை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். மானியப் பட்டியலில் ஒவ்வொரு கருவியின் வெளிச்சந்தை விலையையும் பக்கத்திலேயே போடுங்கள் என்று கேட்போம்.

எங்கள் கிளையில் நோட்டு போட்டாயிற்று. முதல் பக்கத்தில் என் பெயர்தான். பிரஷ் கட்டர், 9,500 ரூபாய், நாலு மாதம் ஓடியது என்று எழுதியிருக்கிறேன். கீழே பவர் வீடர். இந்த ஐப்பசியில் களையை அதுதான் எடுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, “அண்ணாச்சி, இது என்ன விலைக்கு எடுத்திய?” என்று கேட்டார். நோட்டையே கையில் கொடுத்தேன்.